புது ஆர்.வி.யில் இருக்கும் தொழிற்சாலைக் குறைகளை நாமே சரிசெய்யலாமா?

ஆர்.வி. என்பது படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள சக்கர வீடு; நம் பேச்சில் கேரவன். வண்டி நம் கைக்கு வரும்போதே இருக்கும் பிழைதான் தொழிற்சாலைக் குறை.

புது வண்டியில் ஏன் குறை? இதன் உள்வேலையில் பெரும்பகுதி கையால் செய்யப்படுகிறது. ஒரு திருகு சரியாக இறுகாமல் போனால் அங்கே தெரியாது. சாலையில் குலுங்கும்போதுதான் தெரியும்.

புதுச் சட்டையில் பொத்தான் தொங்கினால் நாமே தைத்துக்கொள்வோம். கையே கோணலாக இருந்தால் தையல்காரரிடம்தான் போவோம். இதுவும் அப்படித்தான். தளர்ந்த கீல், கழன்ற இழுப்பறைத் திருகு போன்றவற்றை நீங்களே பார்க்கலாம். தண்ணீர்க் கசிவை மட்டும் முதல் நாளே தேடுங்கள், தயவுசெய்து. பம்பை ஓடவிட்டு, தொட்டிக்குக் கீழே உள்ள குழாய் இணைப்பில் காய்ந்த டிஷ்யூ காகிதத்தைச் சுற்றுங்கள். ஒரு துளி ஈரம்கூட அதில் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் நட்டு என்றால் கையாலேயே மெதுவாக இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் விரிசல் விடும். கூரை ஓரத்துப் பூச்சில் இடைவெளி இருந்தால் அதை விட்டுவைக்காதீர்கள். உள்ளே இறங்கும் நீர் மரச்சட்டத்தை வெளியே தெரியாமல் உளுத்துப்போகச் செய்யும்.

எரிவாயு, பிரேக், மின்கம்பி? தொடாதீர்கள். படம் எடுத்து, தேதியுடன் எழுதி, விற்றவரிடம் கொடுங்கள்.

அப்புறம், நாம் ஒரு திருகைத் தொட்டாலே வாரண்டி போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் வாரண்டிச் சட்டப்படி பொதுவாக அப்படி இல்லை, நம் வேலையால் வந்த சேதத்துக்குத்தான் வண்டி நிறுவனம் வாரண்டியை மறுக்கலாம்.