கொட்டக் கொட்டப் புழு குளவியாகுமா?

கேள்வி: எங்க மோட்டார் ரூம்ல குளவி கூடு கட்டிருக்கு. சுவிட்ச் போடப் போன பையன ஒரே குளவி மூணு இடத்துல கொட்டிருச்சு. முள்ள எடுக்கலாம்னு பாத்தா முள்ளே இல்ல, தேனீ கொட்டுனா இருக்குமே? நாம ஒண்ணும் பண்ணாம அது ஏன் கொட்டுது? சுண்ணாம்பு தடவுனேன், சரியா?
– ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: பையனுக்கு வீக்கம் வடிஞ்சிருக்கும்னு நம்புறேன்மா. முள்ளு இல்லாததுதான் சரி. தேனீ கொடுக்குல ரம்பப் பல்லு மாதிரி பின்பக்கமா பாத்த முள்ளுங்க இருக்கு, அது நம்ம தோல்ல மாட்டிக்கும், தேனீ பறக்கப் பாக்கும்போது கொடுக்கு விஷப்பை எல்லாம் பிச்சிகிட்டு நம்ம உடம்புலயே தங்கிரும், தேனீ செத்துரும். ஆனா அந்தப் பை அதுபாட்டுக்கு விஷத்த உள்ள பம்ப் பண்ணிகிட்டே இருக்கும், அதனால சுரண்டுறதா கிள்ளுறதான்னு யோசிக்காம உடனே எடுத்துரணும். குளவி கொடுக்கு கிட்டத்தட்ட ஊசி மாதிரி வழுவழுன்னு இருக்கும். குத்தும், உருவும், மறுபடி குத்தும்.

ஏன் கொட்டுதுங்கறதுக்கு நம்ம பழமொழிலயே பாதி பதில் இருக்கு, 'கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்'னு சொல்வாங்கல்ல. மண்கூட்டுக்குள்ள புழு போறதையும் கொஞ்ச நாள் கழிச்சு குளவி வர்றதையும் நம்ம ஆளுங்க சரியாத்தான் பாத்திருக்காங்க, நடுவுல நடக்குறதுதான் கண்ணுக்குத் தெரியல. குளவி புழுவ கொட்டி மயக்கி, சாகாம அசையாம வச்சு, கூட்டுக்குள்ள முட்டையோட சேத்து அடைச்சிரும். முட்டைலருந்து வர்ற குஞ்சு அத தின்னுதான் குளவியா வெளிய வருது. ஆக குளவிக்கு கொடுக்குங்கறது முதல்ல வேட்டை ஆயுதம். முட்டை இடுற உறுப்புதான் காலப்போக்குல கொடுக்கா மாறுச்சு, அதனால பொட்டக் குளவி மட்டும்தான் கொட்டும், தேனீயும் அப்படித்தான். தேனீ குளவி வம்சத்துலருந்தே வந்ததுதான், ஆனா மகரந்தம் தேன்னு மாறிட்டதால அதுக்கு கொடுக்கு காவலுக்கு மட்டும்தான்.

உங்க பையன கொட்டுனது பெரும்பாலும் காகிதம் மாதிரி கூடு கட்டி கூட்டமா வாழுற குளவியா இருக்கும். உள்ள குஞ்சு இருக்கு, பக்கத்துல ஆள் வந்து கூடு அதிர்ந்தாலே தாக்க வர்றாங்கன்னு எடுத்துக்கும். நமக்குத்தான் நாம ஒண்ணும் பண்ணல.

சுண்ணாம்பு இனிமே வேணாம்மா. குளவி விஷம் காரம் தேனீ விஷம் அமிலம், எதிரானத தடவுனா முறிஞ்சிரும்னு நிறைய பேரு நம்புறாங்க, ஆனா விஷம் தோலுக்கு அடில போயிருது, மேல தடவுறது அங்க எட்டாது, தோல்தான் வெந்துபோகும். சோப்பு போட்டு கழுவி ஐஸ் ஒத்தடம் போதும். மூச்சு திணறுனா, உதடு நாக்கு வீங்குனா, தல சுத்துனா, உடம்பெல்லாம் தடிச்சா ஒரே கொட்டா இருந்தாலும் உடனே 108 கூப்பிடுங்க. நிறைய கொட்டு வாங்குனவங்க நல்லா இருக்குற மாதிரி தெரிஞ்சாலும் ஆஸ்பத்திரி போயே ஆகணும், கிட்னி கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு.

பனமரத்துல கதண்டுங்கற பெரிய குளவியோட கூடு இருந்தா பந்தம் கொளுத்திகிட்டு யாரும் போகாதீங்க, தீயணைப்புக்காரங்களுக்கு 101ல சொல்லுங்க. மோட்டார் ரூம்ல இருக்குறது மண்கூடுன்னா அத விட்டுருங்க. புழுவோ சிலந்தியோ பிடிக்கத்தான் அது அலையுது, கையால அமுக்குனா ஒழிய கொட்டாது.