உத்தரவாதமுள்ள குழந்தை

வணக்கம் அம்மா,

உங்கள் கட்டுரைகளைப் பல வருடமாக வாசிக்கிறேன், இதுவரை எழுதியதில்லை. நானும் என் இணையரும் தன்பாலீர்ப்பாளர்கள். ஒன்பது வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்து, வாடகைத்தாய் முறைக்காகப் பணம் சேர்த்து வருகிறோம். நாங்கள் இருக்கும் நாட்டில் எங்களுக்கு வழியில்லை, வெளியேதான் போக வேண்டும். இரண்டு ஏஜென்சிகளிடம் பேசினோம். ஒன்று கலிஃபோர்னியாவில். அவர்கள் சொல்லும் செலவைக் கேட்டால் மூச்சு முட்டுகிறது. இன்னொன்று வேறொரு நாட்டில், பாதிக்கும் குறைவு. "குழந்தை உங்கள் கைக்கு வரும்வரை எத்தனை முறை முயன்றாலும் இதே தொகைதான், உத்தரவாதம்" என்கிறார்கள். ஒரு தோழியிடம் இதைச் சொன்னபோது, "காசுள்ள இரண்டு ஆண்கள் ஒரு ஏழைப் பெண்ணின் கர்ப்பப்பையை வாங்கப் போகிறீர்கள்" என்றாள். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. காசு கொடுப்பது தப்பா? நீங்கள் பிள்ளை பெற்றவர் என்பதால் கேட்கிறேன். எனக்காகச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

சரி, சமாதானம் சொல்லவில்லை. உங்கள் தோழி சொன்னதில் பாதி உண்மை. ஆனால் அவர் கோபப்பட வேண்டிய பாதியை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"இரண்டு ஆண்கள்" என்பதை முதலில் தள்ளி வைத்துவிடலாம். இந்த விஷயத்தில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட முதல் பெரிய வழக்கு அமெரிக்காவின் 'பேபி எம்' வழக்கு. 1986-ல் பிறந்த அந்தக் குழந்தைக்காக 10,000 டாலர் பேசி ஒப்பந்தம் போட்டவர்கள் ஆணும் பெண்ணுமான ஒரு தம்பதி. 2014-ல் தாய்லாந்தில், இரட்டைக் குழந்தைகளில் டவுன் சிண்ட்ரோம் இருந்த பையன் மட்டும் சுமந்தவளிடமே தங்கிவிட்ட 'பேபி கேமி' விவகாரத்திலும் அப்படித்தான். இந்தச் சந்தையைத் திறந்தவர்கள் நீங்கள் இல்லை. 'ஏன் தத்தெடுக்கக் கூடாது' என்று அடுத்து யாராவது வருவார்கள். குழந்தைக்காக மருத்துவமனை ஏறி இறங்கும் எல்லாத் தம்பதிகளிடமும் அதைக் கேட்டு முடித்துவிட்டு உங்களிடம் வரட்டும்.

இப்போது காசுக்கு வருகிறேன். நான் இரண்டு பிள்ளை பெற்றவள். இரண்டாவது பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காமல், என்னைச் சுற்றி நின்றவர்களின் முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அது என் பிள்ளை, அதனால் பொறுத்தேன். இன்னொருவருக்காக அதே மேசையில் படுக்கிறவளிடம் 'அன்புக்காகச் செய், காசு வாங்கினால் கொச்சையாகிவிடும்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. கனடாவில் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுமக்கும் பெண்ணுக்குச் சம்பளம் என்று ஒரு காசு கொடுத்தாலும் குற்றம், அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. அவளுக்கு ஆகும் செலவுகளை மட்டும் திருப்பித் தரலாம். தன்பாலீர்ப்பாளர்களுக்கு அங்கே கதவு திறந்தே இருக்கிறது, அது நல்ல விஷயம். ஆனால் டாக்டருக்குச் சம்பளம், வக்கீலுக்குச் சம்பளம், ஆய்வகத்துக்குச் சம்பளம், பத்து மாதம் சுமக்கிறவளுக்கு மட்டும் புண்ணியம். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

ஆகவே காசு கொடுப்பது தப்பில்லை என்பதுதான் என் பதில். எதற்குக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குழந்தை விற்பனை பற்றி ஆராயும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2018-ல் தந்த அறிக்கை இதைப் பளிச்சென்று பிரிக்கிறது. குழந்தையைக் கைமாற்றுவதற்காகக் காசு கொடுத்தால் அது விற்பனை. சுமப்பதற்காகக் கொடுத்தால், அதுவும் குழந்தையைத் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவளுக்கு இல்லாமல், பிரசவத்துக்குப் பிறகான கைமாற்றத்துக்கு முன்பே முழுத் தொகையும் அவள் கைக்குப் போயிருந்தால், அதை விற்பனை என்று சொல்ல வேண்டியதில்லை. கர்ப்பம் கலைந்தாலும் அவள் சுமந்த நாட்களுக்கு உரியது அவளுக்கு வர வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

இந்த அளவுகோலை உங்கள் இரண்டாவது ஏஜென்சியிடம் வைத்துப் பாருங்கள். சோதனைக் குழாய் முறையில் ஒரு கருவைக் கர்ப்பப்பையில் வைத்தால் அது தங்கும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அப்படியிருக்க இவர்கள் மட்டும் எப்படி உத்தரவாதம் தருகிறார்கள்? ஒருத்திக்குத் தங்கவில்லை என்றால் அடுத்தவள், அவளுக்கும் இல்லையென்றால் இன்னொருத்தி. சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் இரண்டு கரு. இரட்டைக் கர்ப்பத்தில் குறைப்பிரசவமும் உயர் இரத்த அழுத்தமும் சிசேரியனும் கூடும் என்பதால்தான் ஒற்றைக் கரு போதும் என்று மருத்துவர் சங்கங்கள் வற்புறுத்துகின்றன. தோற்றுப்போன ஒவ்வொரு முயற்சியையும் ஒரு பெண்ணின் உடம்பு தாங்கியிருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டாள், காத்திருந்தாள், இரத்தம் போயிற்று. உங்கள் ரசீதில் அவள் இருக்க மாட்டாள். நஷ்டம் உங்களுக்கு வராமல் அவள் பக்கம் தள்ளிவிட்டதற்குத்தான் உத்தரவாதம் என்று பெயர். உங்கள் தோழி 'வாங்குகிறீர்கள்' என்ற வார்த்தையை இந்த ஏஜென்சிக்கென்று எடுத்து வைத்திருக்கலாம்.

(வாடகைத்தாய் என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. வாடகை வீட்டை, குடியிருந்தவர் போனதும் வெள்ளையடித்தால் பழையபடி ஆகிவிடும். உடம்பு அப்படியா ஆகிறது?)

மலிவான நாடுகளின் கதையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தியாவில் இது பெரிய வியாபாரமாக இருந்தது. 2012 இறுதியில் விசா விதிகளை மாற்றி, திருமணமான ஆண்-பெண் தம்பதிகள் மட்டும்தான் இதற்கு வரலாம் என்றார்கள். உடனே இடைத்தரகர்கள் தன்பாலீர்ப்பு வாடிக்கையாளர்களை நேபாளத்துக்குத் திருப்பினார்கள். சுமக்கிற இந்தியப் பெண்களையும் எல்லை தாண்டி அங்கே கூட்டிப்போனார்கள். 2015 ஏப்ரல் பூகம்பத்தில் காட்மாண்டு குலுங்கியபோது இஸ்ரேல் விமானம் அனுப்பிப் பச்சைக் குழந்தைகளை மீட்டது. வயிற்றில் பிள்ளையோடு இருந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்பதில் உலகத்துக்கு அவ்வளவு அக்கறை இல்லை. அந்த வருடமே நேபாளமும் தாய்லாந்தும் கதவை மூடின. கூட்டம் கம்போடியாவுக்கு நகர்ந்தது, 2016-ல் அங்கேயும் தடை. 2018-ல் தலைநகர் புனோம் பென்னில் சுமந்துகொண்டிருந்த 30-க்கும் மேற்பட்ட பெண்களைப் பிடித்து ஆள்கடத்தல் வழக்குப் போட்டார்கள். பிறக்கும் பிள்ளைகளை அவர்களே வளர்க்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான் வெளியே விட்டார்கள். காசு கட்டியவர்கள் வேறு நாட்டில் இருந்தார்கள். சிறைக்குப் போனது வறுமையில் ஒப்புக்கொண்டவர்கள். உங்களைப் போன்றவர்களுக்கு முறையான கதவு இல்லாத இடங்களில் எல்லாம் ஏஜென்சிகள் ஒரு பின்வாசலைக் காட்டும். அந்தப் பின்வாசல் இடிந்தால் யார் தலையில் விழும் என்பதற்கு இவ்வளவு உதாரணம் போதும்.

விலை கூடிய இடம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும் செலவில் சுமப்பவளுக்குப் போவது ஒரு பங்குதான், பெரும்பகுதி மற்றவர்களுக்கு. ஆனாலும் அந்தக் காசில் சட்டத்தையும் சேர்த்து வாங்குகிறீர்கள். கலிஃபோர்னியாவில் 1993-லேயே, பெற்றோராகும் நோக்கத்தோடு இதைத் தொடங்கியது யார் என்பதைப் பார்த்து அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிறப்புக்கு முன்பே உங்கள் இருவரையும் பெற்றோர் என்று நீதிமன்ற உத்தரவு பெறலாம். காசு வாங்கிச் சுமக்கும் ஒப்பந்தங்களைப் பல வருடம் தடுத்து வைத்திருந்த நியூயார்க்கில், 2021 பிப்ரவரியில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சுமக்கிறவளுக்குத் தனி வக்கீல், அந்தச் செலவு உங்களுடையது. பிரசவத்துக்குப் பின்னும் 12 மாதம் வரை மருத்துவக் காப்பீடு. கர்ப்பத்தைத் தொடர்வதா கலைப்பதா என்பதையும் சேர்த்து, உடம்பு சம்பந்தமான முடிவு எல்லாம் அவளுடையது. இந்தக் கடைசி விதியைப் படிக்கும்போது உங்களுக்குப் பயமாக இருந்தால் அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதைத் தாங்க முடியாதென்றால் இதில் இறங்காதீர்கள்.

இன்னொன்று. குழந்தை பிறந்த பிறகு தொடர்பே இருக்காது, சிக்கல் இல்லை என்று ஏஜென்சிகள் ஒரு வசதி போலச் சொல்வதுண்டு. வேண்டாம். இங்கிலாந்தில் சூசன் கோலம்போக் என்ற ஆய்வாளரின் குழுவினர் இப்படியும், தானமாகப் பெற்ற முட்டை, விந்து மூலமும் பிறந்த குழந்தைகளை 20 வயது வரை பின்தொடர்ந்து 2023-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிள்ளைகள் நன்றாகவே இருந்தார்கள். ஏழு வயதுக்கு முன்பே உண்மையைச் சொன்ன வீடுகளில் உறவு இன்னும் இணக்கமாக இருந்தது. அவை ஆண்-பெண் பெற்றோர் வீடுகள். உங்கள் வீட்டிலோ மறைக்கவே வழியில்லை. இரண்டு அப்பாக்களைப் பார்க்கிற பிள்ளை ஒருநாள் கேட்கத்தான் போகிறது. அன்றைக்குச் சொல்ல ஒரு பெயரும், முடிந்தால் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். கருமுட்டை தந்தவள் வேறு, சுமந்தவள் வேறு என்பதால் இரண்டு பெயர்.

பணம் போதவில்லை என்றால் இன்னும் இரண்டு வருடம் சேர்த்து வையுங்கள். அதற்கிடையில் அந்த உத்தரவாதக்காரர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். 'மூன்றாவது மாதத்தில் கரு கலைந்தால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்? அவளோடு அவள் மொழியில் நாங்கள் நேரடியாகப் பேச முடியுமா?' என்று கேளுங்கள். வரும் பதிலை எனக்கும் அனுப்புங்கள்.