முதல் இரண்டு ஷீட்டும் பாழ்: குளியலறையில் 4×5 ஃபிலிம்

கேள்வி: பழைய 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் கேமரா ஒன்று வாங்கினேன். 150 மி.மீ. லென்ஸ், பக்கத்துக்கு ஒரு ஷீட் பிடிக்கும் இரண்டு ஹோல்டர், எச்பி5 பிளஸ் கருப்பு-வெள்ளை ஃபிலிம் 25 ஷீட் பெட்டி ஒன்று கையில் இருக்கிறது. திருச்சியில் வாடகை வீடு. டார்க் ரூம் இல்லை, குளியலறைதான். இரண்டு ஷீட் எடுத்து நானே கழுவினேன். ஒன்று கண்ணாடி மாதிரி வெறுமையாக வந்தது. இன்னொன்றில் படம் விழுந்திருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் புகை படிந்த மாதிரி கருத்துவிட்டது. குழாய்த் தண்ணீரே 30 டிகிரி. வீட்டில் இதெல்லாம் ஆகிற காரியமா?

பதில்: ஆகும். ஆனால் மிச்சமிருக்கும் 23 ஷீட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். பெட்டியை அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

பாழான இரண்டையும் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அவற்றில்தான் விடை இருக்கிறது. வெறுமையான ஷீட் என்றால் ஒளியே படவில்லை, அல்லது இருட்டில் ரசாயனத் தட்டு மாறி, படத்தை வரவைக்கும் டெவலப்பருக்கு முன்னால், படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவில் விழுந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இன்னொரு தப்பும் செய்வார்கள்: ஹோல்டரில் ஷீட்டை மூடும் தகடான ஸ்லைடுகளில், லென்ஸைப் பார்த்ததை விட்டுவிட்டுத் தங்கள் பக்கம் இருக்கும் ஸ்லைடை இழுத்துவிடுவார்கள். அப்படிச் செய்திருந்தால் அதே ஹோல்டரின் மறுபக்க ஷீட் முழுக்கக் கருத்துப்போயிருக்கும். உங்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே ஸ்லைடை இழுக்கவே மறந்திருக்கலாம், இல்லையென்றால் தட்டு மாறியிருக்கலாம். தட்டுகளை எப்போதும் இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் வையுங்கள். ஹைப்போ தட்டு மட்டும் அளவில் பெரிதாக இருக்கட்டும், தடவினாலே தெரிந்துவிடும்.

புகை படிந்த ஷீட்டை ஜன்னல் பக்கம் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். ஹோல்டரின் விளிம்பு மூடியிருந்த இடத்தில் நூல் போல ஒரு கரை தெரியும். கருப்பு அந்தக் கரையையும் தாண்டி ஷீட்டின் நுனி வரை போயிருந்தால், ஹோல்டருக்கு வெளியே ஒளி பட்டிருக்கிறது. அதாவது கோளாறு உங்கள் குளியலறையில். கரை தெளிவாக இருந்து உள்ளே மட்டும் கருத்திருந்தால் கோளாறு கேமராவில் அல்லது ஹோல்டரில்.

குளியலறை என்றால் இரவு எட்டு மணிக்கு மேல் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, முழுதாகப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதல் நிமிடத்தில் எல்லா அறையும் இருட்டுதான். ஏழாம் நிமிடத்தில்தான் கதவிடுக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கைகளின் நடுவே வரும் தெருவிளக்கு, கீசரின் சிவப்புப் பொட்டு எல்லாம் ஒவ்வொன்றாக முளைக்கும். எச்பி5 எல்லா நிறத்தையும் பார்க்கும், அந்தச் சிவப்புப் பொட்டையும் சேர்த்து. கதவடியில் ஈரத்துண்டு, ஃபேனுக்குக் கருப்பு அட்டை, கீசருக்கு மெயினையே அணைத்துவிடுவது. கரண்ட் கட்டை நான் வரவேற்கும் ஒரே நேரம் ஃபிலிம் கழுவும் நேரம்தான்.

கேமரா என்றால் முதல் சந்தேகம் லென்ஸையும் கேமராவின் பின்பக்கத்தையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி மேல். இருட்டறையில் கைபேசி டார்ச்சைத் துருத்திக்குள் விட்டு, மடிப்பு மூலைகளைச் சுற்றிப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டை நட்சத்திரம் போல மின்னும். கருப்புத் துணி டேப் ஒட்டினால் போதும்.

இனி, ஃபிலிமை ஏன் ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னேன் என்பது. முதல் ஐம்பது படத்தைப் பிரின்ட் போடும் கருப்பு-வெள்ளை பேப்பரில் எடுங்கள். ஆர்சி (பிளாஸ்டிக் பூசிய) பேப்பர், 8×10 அங்குலம். ஒரு தாளை நான்காக வெட்டி, ஒவ்வொன்றின் அகலத்திலும் நீளத்திலும் இரண்டு மி.மீ. சீவிவிட்டால் உங்கள் ஹோல்டரில் கச்சிதமாக உட்காரும். பளபளப்பான பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். பேப்பருக்குச் சிவப்பு தெரியாது என்பதால், வெட்டுவது, ஹோல்டரில் போடுவது, கழுவுவது எல்லாமே சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துச் செய்யலாம். எங்கே தப்பினோம் என்பது அப்போதே தெரிந்துவிடும். உங்கள் 30 டிகிரித் தண்ணீரும் இதற்குப் பெரிய தடையில்லை. பேப்பர் டெவலப்பரில் ஒரு நிமிடத்தில் வரவேண்டியது கொஞ்சம் முன்னதாக வந்துவிடும், அவ்வளவுதான்.

சிவப்பு பல்ப் என்று கடையில் கொடுப்பதை அப்படியே நம்பாதீர்கள். பெயின்ட் அடித்த ஜீரோ வாட் பல்ப்பில் வெள்ளை ஒளி கசியும். ஒரு துண்டுப் பேப்பர் மேல் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, அந்த விளக்கில் ஐந்து நிமிடம் விட்டுவிட்டுக் கழுவுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் பல்ப்பை மாற்றுங்கள். ஏதாவது பழைய ஸ்டூடியோவில் ‘இந்து’ பேப்பர் கிடைத்தது என்று சிலர் சந்தோஷமாக எழுதுகிறார்கள். ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் சரக்கு அது. நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம். பயன்படுத்துவதற்கு முன் ஒளியே படாத ஒரு துண்டைக் கழுவிப் பாருங்கள், சாம்பல் நிறம் ஏறினால் அதன் காலம் முடிந்துவிட்டது.

பேப்பருக்கு ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் வேகம்) 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளியளக்கும் மீட்டர் செயலியில் 6 இல்லையென்றால் 100-ல் வைத்து, வரும் நேரத்தை 16-ஆல் பெருக்குங்கள். நல்ல வெயிலில் எஃப் 22-க்கு (லென்ஸ் துவாரத்தின் சிறிய அளவு) கால் நொடியிலிருந்து அரை நொடிக்குள் வரும். திறந்த நிழலில் இரண்டு நொடி. நிழலிலேயே எடுங்கள், வெயிலில் பேப்பரின் கான்ட்ராஸ்ட் எகிறிவிடும். இன்னொன்று: பேப்பர் முக்கியமாக நீலத்தைத்தான் பார்க்கும். தாளில் விழுவது நெகட்டிவ்தான், அதை நேர்ப்படமாக்கினால் வானம் வெளுத்துவிடும். வாசற்படி மஞ்சள் கருப்பாகிவிடும். நம் தோல் நிறம் இருப்பதைவிட நன்றாகவே கருத்து விழும். வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து எடுத்துக் காட்டி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

ஜன்னலோரம் ஒரு குத்துவிளக்கை வைத்துத் தொடங்குங்கள், அது அசையாது. ஆனால் கிட்டப் போனால் துருத்தி நீளும், ஒளி குறையும். லென்ஸிலிருந்து கிரவுண்ட் கிளாஸ் (பின்னால் ஃபோகஸ் பார்க்கும் கண்ணாடி) வரை டேப்பால் அளந்து, 150-ஆல் வகுத்து, அந்த எண்ணை அதனாலேயே பெருக்குங்கள். 225 மி.மீ. என்றால் 1.5, அதன் வர்க்கம் 2.25. மீட்டர் நான்கு நொடி சொன்னால் நீங்கள் ஒன்பது நொடி கொடுக்க வேண்டும்.

எடுக்கும்போது கை பழக வேண்டிய வரிசை இது: லென்ஸைத் திறந்து ஃபோகஸ், லென்ஸை மூடு, எஃப் 22-க்கு இறக்கு, ஷட்டரை ஏற்று, ஹோல்டரைச் செருகு, லென்ஸ் பக்க ஸ்லைடை இழு, அழுத்து, ஸ்லைடைக் கருப்புப் பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போடு. வெள்ளைப் பக்கம் என்றால் எடுக்காதது, கருப்பு என்றால் எடுத்தது. ‘லென்ஸை மூடு’ என்பதை வாய்விட்டே சொல்லுங்கள். ஃபோகஸ் பார்த்த மகிழ்ச்சியில் மூடாமல் ஸ்லைடை இழுத்து நான் வீணாக்கியவற்றுக்குக் கணக்கில்லை, போன மாதம்கூட ஒன்று.

இதெல்லாம் கைவந்த பிறகு ஃபிலிம் பெட்டியை ஃபிரிட்ஜிலிருந்து எடுங்கள். சில மணி நேரம் வெளியே வைத்து, குளிர் முழுக்கப் போன பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷீட்டில் வேர்க்கும். ஹோல்டரில் போடும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். குளித்து முடித்து ஈரமாக இருக்கும் குளியலறையில் தூசி குறைவு. பாழான ஷீட்டை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள்: ஷீட்டைச் செங்குத்தாகப் பிடித்தால், மேல் விளிம்பின் வலது மூலையில் வெட்டுக்குறி விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அப்போது பூச்சுள்ள பக்கம் உங்களைப் பார்க்கிறது.

தண்ணீர் விஷயம் ஃபிலிமில் முக்கியம். ஐடி-11 டெவலப்பரைச் சம அளவு தண்ணீர் கலந்து பயன்படுத்தினால், எச்பி5-க்கு 20 டிகிரியில் 13 நிமிடம். 24 டிகிரி என்றால் ஏறக்குறைய 9 நிமிடம். நம் ஊரில் 24-ஐக் குறிவையுங்கள், 20-க்காக மல்லுக்கட்ட வேண்டாம். இரவெல்லாம் மண்பானையில் இருந்த தண்ணீர் பாதி வேலையைச் செய்துவிடும். மிச்சத்துக்கு, தட்டை ஐஸ் மிதக்கும் பேசினில் உட்கார வையுங்கள். டெவலப்பர் மட்டும் குளிர்ந்து ஹைப்போ 30-ல் இருந்தால் போதாது, எல்லாத் தட்டும் ஓரிரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால், டெவலப்பர் கரைக்கவும் கடைசி அலசலுக்கும் கேன் தண்ணீர். தொடக்கத்தில் ஒரு முறைக்கு ஒரே ஷீட். இரண்டு ஷீட் ஒன்றன்மேல் ஒன்று உரசினால் கீறல் நிச்சயம்.

கையுறை போடுங்கள், டெவலப்பரில் உள்ள மெட்டால் என்ற ரசாயனம் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். தட்டும் அளவுக்கோப்பையும் சமையலறைக்குத் திரும்பவே கூடாது. பழைய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும், கிணற்றுப் பக்கமோ செப்டிக் டேங்கிலோ ஊற்றாதீர்கள். கேனில் சேர்த்து வையுங்கள். உங்கள் ஊரில் இன்னும் ஃபிலிம் கழுவும் எக்ஸ்ரே நிலையம் ஏதாவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவர்களிடம் பழைய ஹைப்போவை வாங்க வரும் ஆளிடமே இதையும் கொடுத்துவிடலாம்.