மஞ்சள் சீட்டுகள்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகம் ஒன்றில் விலங்கியல் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஆறு மாதம் முன்பு துறை மியூசியத்தை என் பொறுப்பில் விட்டார்கள். வெளியாட்கள் வருவதில்லை. மாணவர்களும் தேர்வுக்கு முந்தின வாரம்தான் எட்டிப் பார்க்கிறார்கள். சுவருக்குச் சாயம் அடித்தோம், அலமாரிக் கண்ணாடிகளை மாற்றினோம். மஞ்சளடித்துச் சுருண்டு கிடந்த கையெழுத்துச் சீட்டுகளை எடுத்துவிட்டுப் பெயர் மட்டும் பெரிதாக அச்சிட்ட அட்டைகள் வைத்தோம். பழைய சீட்டுகளை மூட்டை கட்டியாயிற்று. இப்போது பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. அடுத்து தொடுதிரை வைக்கலாமா? ஆளே வராத மியூசியம் எதற்கு, பல்கலைக்கழக ஓவியக் கூடத்தில் உள்ள படங்களையாவது விற்கலாமே என்று நிர்வாகத்தில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு வாரமாகப் பறவை முட்டை ஓடுகளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. ‘மூட்டை கட்டியாயிற்று’ என்ற இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

முதலில் மற்றவற்றை முடித்துவிடுகிறேன். தொடுதிரை உங்கள் விருப்பம். வைத்தாலும் குற்றமில்லை, வைக்காவிட்டாலும் குறையில்லை. ஓவியங்களை விற்கலாம் என்பவர்களிடம் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 2009இல் பணமுடை வந்தபோது அதன் அறங்காவலர்கள் ரோஸ் கலை அருங்காட்சியகத்தை மூடிப் படங்களை விற்கத் தீர்மானம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, வழக்கு வந்தது. 2011இல் விற்பதில்லை என்று சமரசமானது. இது போதும் அவர்களுக்கு.

‘ஆளே வரவில்லை’ என்பதற்கும் பெரிதாகக் கவலைப்படாதீர்கள். 1884இல் ஜெனரல் பிட் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் தன் தொல்பொருள் சேகரிப்பை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தபோது, மானுடவியல் கற்பிக்க ஒருவரை நியமிக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். கூட்டம் வருமா என்பதல்ல அவர் கவலை, பாடம் நடக்குமா என்பதுதான். உங்கள் அலமாரியும் வகுப்பறைதான். அங்கே உங்கள் வகுப்பை நடத்துங்கள், மாணவர்கள் வருவார்கள்.

சரி, சீட்டுக்கு வருகிறேன்.

எப்படி உங்களுக்கு மனம் வந்தது? உயிரினங்களை வகைப்படுத்திப் பாடம் எடுப்பவர் நீங்கள். ஒரு எலித்தோலின் காலில் நூலால் கட்டிய சீட்டில் பெயர் மட்டுமா இருக்கும்? பிடித்த இடம், உயரம், தேதி, ஆணா பெண்ணா, உடல் வால் நீளங்கள், பிடித்தவரின் பெயர், பதிவேட்டு எண் என்று எல்லாம் இருக்கும். இவற்றில் பெயர் ஒன்றைத்தான் பிறகு யார் வேண்டுமானாலும் எழுத முடியும். தோலையும் பல்லையும் பார்த்தால் தெரிந்துவிடும். தேதியும் இடமும் எந்தப் பல்லிலும் இருக்காது. நீங்கள் வைத்துக்கொண்டது மறுபடி எழுதக்கூடிய ஒன்றை. எடுத்துப் போட்டதோ மறுபடி யாராலும் எழுத முடியாதவற்றை.

முட்டைக்கு வருகிறேன். அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் முட்டையின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை போட்டு, ஊதி உள்ளிருப்பதை வெளியே எடுப்பார்கள். துளைக்குப் பக்கத்தில் ஓட்டின் மேலேயே மெல்லிய பேனாவால் எண் எழுதுவார்கள். எந்தக் கூடு, எந்த நாள் என்பது தனிச் சீட்டில் இருக்கும். பொழுதுபோக்குக்காகச் சேர்த்தவை பல. ஐம்பதுகளில் இரைகொல்லிப் பறவைகள் மளமளவென்று குறையத் தொடங்கின. அடைகாக்கும் தாயின் எடை தாங்காமல் முட்டைகள் உடைந்தன. பிரிட்டனில் ராட்கிளிஃப் என்ற பறவை ஆய்வாளர் 1967இல் பழைய முட்டை ஓடுகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு, ஓடு மெலிந்துவிட்டது என்று காட்டினார். மறு வருடமே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹிக்கியும் ஆண்டர்சனும் அமெரிக்கச் சேகரிப்புகளை அளந்து பார்த்தார்கள். அங்கேயும் ஓட்டின் தடிமனில் 1947இல் தொடங்கிய சரிவு, மூன்று இனங்களில் 19 சதவீதமும் அதற்கு மேலும். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பரவலாகப் புழக்கத்துக்கு வந்த காலம் அது. 1972இல் அமெரிக்கா அதைத் தடை செய்ததற்கு இந்த ஓடுகளும் ஒரு காரணம். இப்போது யோசித்துப் பாருங்கள், அந்தச் சீட்டுகளை யாராவது எடுத்துவிட்டு ‘வல்லூறு முட்டை’ என்று பெரிய எழுத்தில் அழகாக அட்டை வைத்திருந்தால்? 1947 என்ற எண் எங்கிருந்து வந்திருக்கும்?

இன்னொன்றும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1908இல் முதுகெலும்பிகள் அருங்காட்சியகம் தொடங்கியது. முதல் இயக்குநர் ஜோசஃப் கிரின்னெல். எந்தக் குறிப்பு பின்னால் உதவும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆகவே எல்லாவற்றையும் எழுதுங்கள் என்று தன் ஆட்களை விரட்டியவர். தன் சேகரிப்பின் உண்மையான மதிப்பு தெரிய ஒரு நூற்றாண்டுகூட ஆகலாம் என்றும் எழுதிவைத்தார். யோசமிட்டி மலைப்பகுதியில் 1914 முதல் 1920 வரை அவர் குழு எங்கெங்கே பொறி வைத்ததோ, அங்கெல்லாம் 2003இல் தொடங்கி மறுபடி போனார்கள். ஆராய்ந்த 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதி, சுமார் 500 மீட்டர் மேலே ஏறியிருந்தன. மலை சூடாகிறது என்று எலிகள் சொல்லியிருக்கின்றன. அதைக் கேட்க முடிந்தது குறிப்பும் சீட்டும் பத்திரமாக இருந்ததால்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். நானும் இதைச் செய்திருக்கிறேன்.

முதுகலை படித்தபோது எங்கள் துறையில் ஆற்றுச் சிப்பிகள் கொண்ட ஒரு மர அலமாரி இருந்தது. ஆய்வுக்குழு வரப்போகிறது, பழசாகத் தெரியக்கூடாது என்று உத்தரவு. நானும் இரண்டு நண்பர்களும் வெந்நீரில் பஞ்சை நனைத்து, தட்டுகளில் ஒட்டியிருந்த சீட்டுகளை ஊறவைத்து உரித்தோம். பழுப்பு மை தண்ணீரில் கரைந்து விரலெல்லாம் படிந்தது. மியூசியத்தைப் பார்த்துக்கொண்ட வயதான உதவியாளர் வாசலில் நின்றார். “இதையெல்லாம் எழுதி வெச்சுக்கிட்டீங்களா தம்பி?” என்றார். “பேரு எழுதியிருக்கோம்ணே” என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

நான்கைந்து வருடம் கழித்து வேறொரு வேலையாக அங்கே போயிருந்தேன். அணை கட்டுவதற்கு முன்பு அந்த ஆற்றில் என்னென்ன சிப்பிகள் இருந்தன என்று தேடி ஒரு பெண் ஆய்வாளர் வந்திருந்தார். ஒவ்வொரு சிப்பியாகக் கையில் எடுத்தார், திருப்பினார், உள்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், மறுபடி அதே குழியில் வைத்தார். ஒரு தட்டு முடிந்ததும் அடுத்த தட்டு. ஓட்டின் மேலாவது ஏதாவது எழுதியிருக்காதா என்றுதான் பார்த்திருக்கிறார். எதிலும் இல்லை. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை.

உங்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. யாரும் சீண்டாத ஓர் அறையைக் கையிலெடுத்து ஆறு மாதம் உழைத்திருக்கிறீர்கள், அதை லேசாக நினைக்கவில்லை. ஆனால் இந்தப் பதிலைப் படித்தவுடன் அந்த மூட்டையைத் தேடிப் போங்கள். பழைய பேப்பருக்குப் போகாமல் இன்னும் இருந்தால் அப்படியே பூட்டிவையுங்கள். எந்தச் சீட்டு எந்தப் பொருளுக்கு என்று தெரியாதே என்று பதறவேண்டாம். பதிவேடு எங்காவது இருக்கும், துறை அலுவலகத்தின் பரண் வரைக்கும் தேடுங்கள். சீட்டில் உள்ள எண்ணும் பொருளின் மேல் எழுதிய எண்ணும் பல இடங்களில் பொருந்தும். பொருந்தாததை ஊகித்துக் கட்டிவிடாதீர்கள், தனி உறையில் போட்டு ‘பொருள் தெரியவில்லை’ என்று எழுதிவையுங்கள். உங்கள் அச்சு அட்டைகளையும் எடுக்கவேண்டாம், அவை முன்னால் இருக்கட்டும், சீட்டு பொருளோடு இருக்கட்டும். இரண்டு மாணவர்களைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டை கிடைத்ததா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.