கொரோனா தடுப்பூசிச் சான்றிதழ் இல்லையென்றால் அலுவலகத்துக்கு வரக் கூடாதா?

ஊசி போட்டே ஆக வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. உடல் மீதான உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கும், யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று 2022 மே 2 அன்று ஜேக்கப் புளியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனியார் நிறுவனங்களும் ஊசி போடாதவர்கள் மீதான கட்டுப்பாடுகளை மறுபரிசீலனை செய்யட்டும் என்றது.

உங்கள் அலுவலகம் இன்னும் சான்றிதழ் கேட்கிறதென்றால், கொரோனா காலத்தில் போட்ட சுற்றறிக்கையை யாரும் திரும்பப் பெறாமல் விட்டிருப்பார்கள். அதன் தேதி என்ன, எந்த அரசாணைப்படி போட்டது என்று மனிதவளப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

ஒன்று: தொற்று பரவும்போது அளவான கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

நான் ஊசி போட்டுக்கொண்டவன், மற்றவர்களையும் போடச் சொல்பவன். ஆனாலும் சம்பளத்தைக் காட்டி மிரட்டிச் சம்மதம் வாங்குவதை என்னால் ஏற்க முடியாது.