உளிப்பிடி வெடிப்பது, பூண் கழல்வது: என் பதில்

வணக்கம். ராயபுரம் வீட்டு மாடியில் லேத் (கடைசல் இயந்திரம்) போட்டு நீங்கள் கடைந்த கருவேல உளிப்பிடியில், ஒரே மாதத்தில் வாயில் மாட்டிய பித்தளைப் பூண் (வளையம்) ஆட ஆரம்பித்து, உளி நுழையும் வாய்ப்பக்கம் வெடித்தும்விட்டது என்று கேட்டிருந்தீர்கள்.

கருவேலம் நல்ல மரம், அதை மாற்ற வேண்டாம். பூண் ஆடுவது ஈரத்தால். மரம் காயக் காயச் சுருங்கும், பித்தளை அப்படியே நிற்கும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது பொதுக்கணக்கு. கட்டையின் இரு முனையிலும் மெழுகு தடவி நிழலில் வையுங்கள், அவ்வப்போது நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் சரி.

வெடிப்புக்குக் காரணம் துளை. பிடிக்குள் நுழையும் உளியின் வால் கூம்பாக இறங்குகிறது, நீங்கள் போட்டதோ ஒரே அளவுத் துளை. இரண்டு மூன்று பிட் மாற்றி, உள்ளே போகப் போகக் குறுகும்படி போடுங்கள். அதுவும் கடைவதற்கு முன்பே. அந்தத் துளைவாயில் டெயில்ஸ்டாக் (லேத்தில் கட்டையின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) முனையைக் கொடுத்துக் கடைந்தால் உளியும் பிடியும் ஒரே நேரில் நிற்கும். பூண் உட்காரும் இடத்தை மயிரிழை தடிப்பாக விடுங்கள், தட்டித்தான் ஏற வேண்டும். பூண் ஏறிய பிறகே வாலை இறக்குங்கள்.

அப்புறம், லேத் ஓடும்போது கையுறையும் லுங்கியும் வேண்டவே வேண்டாம், சுற்றி இழுத்துவிடும். அடுத்த கட்டை வாங்கும்போது நடுத்தண்டு (மரத்தின் மையப்பகுதி) இல்லாமல், இழை நேராக ஓடுகிறதா என்று முனையைத் திருப்பிப் பார்த்து எடுங்கள்.