பினாங்கில் ஒரு தமிழ் வீட்டில் தங்கிப் படிப்பது: கேளுங்கள், சொல்கிறேன்

திருச்சியிலிருந்து போய் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தேன். இரண்டு வருடமும் கெலுகோரில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடுதான் இருந்தேன். அடுத்த பருவத்துக்குப் போகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

தமிழ்க் குடும்பம்தானே, பழகிக்கொள்ள என்ன இருக்கிறது? (கோவை மாணவி)

நானும் அப்படி நினைத்துத்தான் போனேன். முதல் நாள் காலை வீட்டுக்கார ஆன்ட்டி, "பசியாறிட்டியா?" என்றார். பசிக்கிறதா என்று கேட்கிறார் என நினைத்து, "பசி இல்லை ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவர் கேட்டது காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று. எனக்காகச் சுட்ட தோசை மேசையிலேயே ஆறிக் கிடந்தது. அன்று முழுக்க அவர் முகம் சரியில்லை, எனக்குக் காரணமும் புரியவில்லை. (நம் ஊரில் முஸ்லிம் வீடுகளில் இந்தச் சொல் அன்றாடம் புழங்குவது எனக்குப் பிறகுதான் தெரியும்.)

இன்னொன்று, அங்கே ரிங்கிட்டை 'வெள்ளி' என்பார்கள். "அம்பது வெள்ளி கொடு" என்றால் திகைக்க வேண்டாம். பார்சல் வாங்கிவந்தால் அது 'தாப்பாவ்'. வேற்று மொழி என்றால் புரியாததைத் திருப்பிக் கேட்போம். தமிழ் என்பதால் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம், சிக்கலே அங்கேதான். வெட்கப்படாமல் கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்லித்தருவார்கள். கூப்பிடுவதற்கு ஆன்ட்டி, அங்கிள் போதும். நான் ஒரு வாரம் 'மேடம்' என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வாடகை பேசும்போது என்ன கேட்க வேண்டும்? (மதுரை)

ஏர்கான். முதலில் அதைக் கேளுங்கள். மின்சாரம் வாடகையில் அடக்கம் என்றார்கள், நான் இரவெல்லாம் ஓடவிட்டேன். அடக்கம் என்றது விளக்கும் காற்றாடியும்தானாம்! மாதக் கடைசியில் அங்கிள் பில்லைக் காட்டவில்லை, மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் மோசம். சமையலறை, சலவை இயந்திரம், முன்பணம் எல்லாவற்றையும் பேசிய கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். சொந்தக்காரர் மாதிரி பழகுகிறவர்களிடம் எப்படி என்று தயங்கினால், பிறகு இரண்டு பக்கமும் மனசு கஷ்டம்.

நான் சுத்த சைவம். சமாளிக்கலாமா? (கும்பகோணம்)

வீட்டில் சொல்லிவிட்டால் கவலை இல்லை. வெளியில்தான் கவனம். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் சம்பலில் (மிளகாய் விழுது) நெத்திலி இருக்கும். காய்கறி வதக்கலில்கூட பெலாச்சான், அதாவது இறால் விழுது, சேர்ப்பதுண்டு. கறி இல்லை என்றால் சைவம் என்று எண்ணிவிடாதீர்கள்.

வீட்டு அங்கிளின் கடையில் பகுதி நேரமாக வேலை செய்யலாமா? (சேலம்)

பருவம் நடக்கும்போது கூடாது. ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும், குடிநுழைவுத் துறை அனுமதியோடு, வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, குறிப்பிட்ட சில வகை வேலைகளுக்கு மட்டுமே விதி இடம் தருகிறது. கடை யாருடையது என்பதெல்லாம் கணக்கில் வராது.

இரவில் வீட்டுக்குப் பேசினால் ஏதாவது சொல்வார்களா? (திருநெல்வேலி)

மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அம்மா சாப்பிட்டு முடித்து இரவு பத்துக்குக் கூப்பிட்டால் அங்கே பன்னிரண்டரை. நான் வாசல் படியில் போய் உட்கார்ந்து பேசுவேன், கொசுவர்த்தியோடு.

தைப்பூசத்தின்போது அங்கே இருப்பேன். படிக்க முடியுமா? (சென்னை)

முடியாது, முயலவும் வேண்டாம். லிட்டில் இந்தியாவிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ரதம் போகும் வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், தண்ணீர்ப் பந்தல்களில் பாட்டு அதிரும். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. பந்தலில் மோர் ஊற்ற ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் ஆன்ட்டி என்னைச் சமையலறைக்குள் விட்டார். தேர்வு இருந்தால் முன்கூட்டியே படித்து முடித்துவிடுங்கள்.

அவர்களுக்கு என்ன கொண்டுபோகலாம்? (தஞ்சாவூர்)

புடவை, முறுக்கு எல்லாம் அங்கேயே கிடைக்கும். அங்கிளின் தாத்தா முசிறிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து கப்பலேறியவர். குடும்பத்துக்கு ஊர்ப் பெயர் மட்டும்தான் தெரியும். விடுமுறைக்கு வந்தபோது அந்த ஊருக்குப் போய்ப் பிள்ளையார் கோயிலைப் படம் பிடித்து அனுப்பினேன். பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். அதில் கோயிலைவிட, குறுக்கே வந்த எருமைதான் தெளிவாக விழுந்திருக்கும்.